டீச்சருக்கு ஆபரேஷன்

எங்கள் வீட்டில் இரண்டு பெண்கள், ஒரு நாய். பெண்கள் இருவரும் ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை. நாயிடம் இருவருமே பேசுவோம். அப்படித்தான் குடும்பம் ஓடிக்கொண்டிருந்தது.

நாயின் பெயர் டீச்சர். வைத்தது என் அண்ணன். பஸ் டிப்போவில் டிரைவராக இருந்தான். பழுதாகி நின்றிருந்த வண்டிக்கு அடியில் குட்டியாகக் கிடந்ததைத் தூக்கிக்கொண்டு வந்தான். வந்த அன்றைக்கே அது கூடை விளிம்பில் முகவாயை வைத்துக்கொண்டு எங்களை ஒவ்வொருவராக மேலும் கீழும் பார்த்தது. "வீட்டுப்பாடம் எழுதாதவங்க எல்லாம் எந்திரிச்சு நில்லுங்க" என்றான் அண்ணன். பெயர் நிலைத்துவிட்டது.

அண்ணன் போய் ஒரு வருடத்துக்கு மேலாகிறது. ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும்போதே நெஞ்சுவலி. வண்டியை ஓரம் கட்டி நிறுத்திவிட்டுத்தான் சாய்ந்தான், ஒரு பயணிக்குக்கூடச் சிராய்ப்பு இல்லை என்று டிப்போவில் இன்றைக்கும் பெருமையாகச் சொல்கிறார்கள். அந்தப் பெருமையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

அவன் போனபிறகு அந்த வாடகை வீட்டில் அண்ணியும் நானும் மிஞ்சினோம். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. விசாரிப்பவர்களும் விசாரித்து அலுத்து விட்டுவிட்டார்கள். அண்ணிக்குப் பிள்ளை இல்லை. இரண்டு பேருக்கும் போக வேறு போக்கிடமும் இல்லை. காரியமெல்லாம் முடிந்து கொஞ்ச நாளில், ஒரு சாயங்காலம் வேலை விட்டு வந்து அலமாரியைத் திறந்தேன். அண்ணன் பக்கம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. சட்டை, பேண்ட், பனியன், யூனிபாரம், துண்டு என்று எல்லாவற்றையும் மூட்டையாகக் கட்டி யாருக்கோ கொடுத்துவிட்டிருந்தாள் அண்ணி.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே அண்ணி" என்றேன்.

"என் புருஷன் துணி. யாரைக் கேக்கணும்?" என்றாள்.

நான் சலவை நிலையத்தில் வேலை செய்கிறவள். முன்பின் தெரியாத ஆண்களின் சட்டைகளுக்கெல்லாம் நாள் முழுக்க இஸ்திரி போடுகிறேன். கூடப்பிறந்தவன் சட்டை ஒன்றுகூட என் கைக்கு மிச்சமில்லை. அதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. அன்றைக்கு மூடினேன் வாயை. அவளும் மூடிக்கொண்டாள்.

வாயை மூடினால் குடித்தனம் நடக்குமா? கேஸ் தீரும், தண்ணீர் நின்றுபோகும், வாடகை கேட்டு வீட்டுக்காரர் வருவார். அதனால் ஜாடைப் பேச்சு ஆரம்பமானது. அது எங்கள் இருவருக்கும் கைவந்த கலைதான். பிறந்த வீட்டில் சுவரைப் பார்த்தும் கதவைப் பார்த்தும் பேசிப் பழகியவர்கள். சுவருக்கு நாய் எவ்வளவோ மேல். காதையாவது நிமிர்த்தும்.

"டீச்சர், கேஸ் இன்னிக்கோ நாளைக்கோன்னு இருக்கு. யாருக்காவது அக்கறை இருந்தா போன் பண்ணச் சொல்லு."

"டீச்சர், நேத்தே பண்ணியாச்சு. கண்ணு தெரிஞ்சா வாசல்ல புது சிலிண்டர் நிக்கிறது தெரியும்னு சொல்லு."

டீச்சர் நடுவில் உட்கார்ந்துகொண்டு டென்னிஸ் பார்ப்பதுபோல் இங்கும் அங்கும் தலையைத் திருப்பும். அதன் பெயரைத்தான் சொல்கிறோம், ஆனால் பிஸ்கட் வரவில்லையே என்ற குழப்பம் அதன் முகத்தில் எப்போதும் இருக்கும்.

எங்கள் வேலை நேரமும் இதற்குத் தோதாக அமைந்தது. அண்ணிக்கு ரொட்டிக் கடையில் மாவு பிசைகிற வேலை. விடிவதற்கு முன்பே போய்விடுவாள், மத்தியானத்துக்கு மேல் திரும்புவாள். நான் வெயில் ஏறியபிறகு கிளம்பி இருட்டும் நேரத்தில் வருவேன். இரண்டு பேரும் ஒன்றாக இருக்கிற நேரம் சாயங்காலம் மட்டும்தான். அதற்கே டீச்சருக்கு மூச்சு வாங்கும்.

டீச்சருக்குப் பருவம் வரும்போதெல்லாம் தெருவிலுள்ள ஆண் நாய்கள் எங்கள் மாடிப்படியில் மாநாடு கூட்டிவிடும். கீழ்வீட்டுக்காரர் தினமும் வந்து முறையிடுவார். இந்தமுறை பருவம் முடிந்தும் அதற்குக் கசிவு நிற்கவில்லை. டாக்டரம்மா வயிற்றை ஸ்கேன் செய்து பார்த்தார். இப்போதைக்குப் பயமில்லை, ஆனால் இப்படியே விட்டால் ஒருநாள் கருப்பையில் சீழ் பிடிக்கும், அப்போது அரக்கப்பரக்க ஓடிவருவதைவிட இப்போதே எடுத்துவிடுவது நல்லது என்றார். ரத்தம் எடுத்துச் சோதித்தார், எடை பார்த்தார், சில வாரம் பொறுத்து வரச் சொன்னார்.

அண்ணன் விட்டுப்போனதில் உயிரும் மூச்சுமாக இருப்பது அது ஒன்றுதான். மயக்க மருந்து கொடுத்து எழாமல் போனால்? அப்புறம் அந்த வீட்டில் அண்ணியும் நானும் எதிரெதிராகப் போட்ட இரண்டு நாற்காலிதான்.

ஆபரேஷனுக்கு முதல் நாள் சாயங்காலம், அண்ணி காதில் விழும்படி டீச்சரிடம் சொன்னேன்.

"டீச்சர், ராத்திரி சாப்பாட்டுக்கப்புறம் உன் வாயில ஒரு பருக்கை படக்கூடாதாம். வயித்துல ஏதாவது இருந்தா மயக்கத்துல வாந்தி வந்து நுரையீரலுக்குள்ள போயிருமாம். காலையில தண்ணியும் கிடையாது. யாராவது பாவம்னு ரொட்டித் துண்ட நீட்டினா மூஞ்சியத் திருப்பிக்க."

அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை. "டீச்சர், எனக்கு மண்டையில மூளை இருக்குன்னு சொல்லு" என்றாள்.

ஆனால் அந்த ராத்திரி எங்கள் வயிற்றுக்குத்தான் சோதனை. டீச்சரின் தட்டைக் கழுவிக் கவிழ்த்தபிறகும் அது எங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. அதன் கண்ணெதிரே எப்படிச் சாப்பிடுவது? நான் இரண்டு துண்டு ரொட்டியை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய், தாழ் போட்டு, நின்றபடியே தின்றேன். வெளியே வந்தால் அண்ணி மாடிப்படியில், இருட்டில், மடியில் தட்டை வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் மென்றுகொண்டிருந்தாள். திருட்டுத்தனமாகச் சாப்பிட்ட இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் கண்டும் காணாததுமாகக் கடந்துபோனோம்.

காலையில் நான் டீச்சரைப் பிடித்துக்கொண்டு கிளம்பினேன். அண்ணி எப்போதோ வேலைக்குப் போயிருந்தாள். ஒரு நாள் லீவு போடக்கூட மனசு வரவில்லை பார் என்று வழியெல்லாம் கறுவிக்கொண்டே போனேன். கிளினிக்கில் டீச்சரை உள்ளே வாங்கிக்கொண்டார்கள். ஒருதரம் திரும்பி என்னைப் பார்த்தது. அந்தப் பார்வைக்குக் கரையாத மனுஷி யாரும் இருக்கமுடியாது. நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரத்தில் கதவைத் தள்ளிக்கொண்டு அண்ணி வந்தாள். ரொட்டிக் கடை டீஷர்ட், முழங்கைவரை மாவு. பாதி வேலையில் ஓடிவந்திருக்கிறாள். என்னைப் பார்த்தாள். பெஞ்சின் அந்தக் கோடியில் உட்கார்ந்தாள்.

என்னவாயிற்று, உள்ளே எடுத்துக்கொண்டார்களா, எவ்வளவு நேரமாகும் என்று அவளுக்குக் கேட்க இருந்தது. சொல்ல எனக்கு இருந்தது. யாரை வைத்துக் கேட்பது, யாரை வைத்துச் சொல்வது? நடுவில் காலித் தரை. அண்ணி ஒருமுறை தொண்டையைச் செருமிக்கொண்டு குனிந்தாள், பழக்கதோஷம். அங்கே ஒன்றுமில்லை. நிமிர்ந்து சுவரில் ஒட்டியிருந்த பூனைப் படத்தைப் பார்க்க ஆரம்பித்தாள். நானும் பூனையைப் பார்த்தேன். அந்தப் பூனையை நாங்கள் இரண்டு பேரும் பார்த்த மாதிரி உலகத்தில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

கட்டுப்போடுகிற பெண் வெளியே வந்தாள். சின்ன வயசு, சிரித்த முகம். "ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. எழுந்ததும் கூப்பிடுறோம். நீங்க ரெண்டு பேரும் அக்கா தங்கச்சியா?"

நாங்கள் இரண்டு பேரும் மறுபடி பூனையைப் பார்த்தோம். அவளுக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"சரி... புண்ண நக்கக்கூடாது. கழுத்துக்குக் கூம்பு தருவோம். ஆனா நிறைய நாய் அதப் போட்டா சாப்பிடாது, முட்டி மோதிக்கிட்டே நிக்கும். வீட்ல ஆம்பளைங்க பழைய பனியன், டீஷர்ட் ஏதாவது கிடக்கும்ல, அத மாட்டிவிட்டு முதுகுல ஒரு முடிச்சுப் போட்டிருங்க. அது போதும்."

நான் அண்ணியைப் பார்த்தேன். வேண்டுமென்றேதான் பார்த்தேன். அவள் தன் கைவிரலில் காய்ந்திருந்த மாவை உரித்துக்கொண்டிருந்தாள். உரித்துக்கொண்டே இருந்தாள்.

பிறகு என்னை உள்ளே கூப்பிட்டார்கள். டீச்சர் ஒரு போர்வையில் கிடந்தது. வயிற்றில் முடி மழித்து, விரல் நீளத்துக்குத் தையல். கண் பாதி திறந்திருந்தது, நாக்கு ஓரமாகத் தொங்கியது, உடம்பு வெடவெடவென்று நடுங்கியது. மயக்கம் தெளியும்போது அப்படித்தான் இருக்கும் என்றார் டாக்டரம்மா. கதகதப்பாகத் தரையிலேயே படுக்க வையுங்கள், படி ஏறவிடாதீர்கள், குதிக்கவிடாதீர்கள், கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பாடு கொடுங்கள், புண் சிவந்தாலோ ஈரம் கசிந்தாலோ உடனே வாருங்கள் என்றார். ஒரு சீட்டும் எழுதித் தந்தார். "வலி மாத்திரை. எந்த மருந்துக் கடையிலும் கிடைக்கும். ஒரு நாளைக்கு ஒண்ணு, சாப்பாட்டோட. ஒண்ணுதான். அழுவுதேன்னு இன்னொண்ணு குடுத்துராதீங்க, வயிறும் கிட்னியும் போயிரும்."

நான் மண்டையை மண்டையை ஆட்டினேன். அதே நேரத்தில் வெளியே கவுண்டரில் கட்டுப்போடுகிற பெண் அண்ணியின் கையில் ஒரு பொட்டலத்தைக் கொடுத்து, அதே வார்த்தைகளை அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. அண்ணியும் மண்டையை ஆட்டியிருப்பாள்.

வீட்டுக்கு வந்தோம். மாடிப்படியில் நான் முன்பக்கம், அண்ணி பின்பக்கம், நடுவில் போர்வையில் டீச்சர். சலவை நிலையத்தில் பெரிய விரிப்புகளை இரண்டு பேர் ஆளுக்கொரு முனையாகப் பிடித்து மடிப்போம். அதில் பேச்சு தேவைப்படாது, கையே பேசிக்கொள்ளும். அந்த மாதிரி ஏறினோம். அண்ணி உள்ளே போய்த் தன் ரொட்டிக் கடை டீஷர்ட் ஒன்றை எடுத்து வந்து கைகளைக் கத்தரித்து டீச்சருக்கு மாட்டினாள். துவைத்தும் போகாத மாவு வாசனை அதில் இருந்தது. டீச்சர் அதில் மூக்கைப் புதைத்துத் தூங்கிவிட்டது.

அது தூங்கியதோடு எங்கள் தபால் நிலையமும் மூடிவிட்டது.

ஆபரேஷன் ஆன உடம்பு. அதன் காதுக்குப் பக்கத்தில் கத்திப் பேச இரண்டு பேருக்குமே மனசு வரவில்லை. ஜாடைப் பேச்சுக்குக் குரல் கொஞ்சம் உயர்ந்தே ஆகவேண்டும். கிசுகிசுப்பாக ஜாடை பேசமுடியாது. அதனால் வீட்டில் ஓசையே இல்லை. சீட்டைக் கொண்டுபோய் மருந்துக் கடையில் மாத்திரை வாங்கி, என் கைப்பையில் வைத்துக்கொண்டேன். அண்ணி தன் பொட்டலத்தை வேலைக்குக் கொண்டுபோகும் பையில் வைத்திருந்திருக்கிறாள். அவள் பையை நான் தொடுவதில்லை, என் பையை அவள் தொடுவதில்லை. அதெல்லாம் எழுதாத சட்டம்.

தினமும் காலையில் எழுந்து, கோழியை உப்பில்லாமல் வேகவைத்து, பிய்த்து, நடுவில் மாத்திரையை ஒளித்துக் கொடுப்பேன். புண்ணைப் பார்ப்பேன். கயிற்றைப் பிடித்துக்கொண்டு கீழே தூக்கிப்போய் ஒன்றுக்குவிட்டு மறுபடி தூக்கிக்கொண்டு ஏறுவேன். இடுப்பு விட்டுப்போனது. வேலைக்குப் போனால் நின்றுகொண்டே தூங்கினேன்; ஒரு வெள்ளைச் சட்டையின் காலரைத் தீய்த்து முதலாளியிடம் வசவு வாங்கினேன். எல்லாம் ஒண்டியாளாக நான்தான் பார்க்கிறேன், அந்த அம்மாள் விடியுமுன் எழுந்து எனக்கென்ன என்று போய்விடுகிறாள் என்று மனசுக்குள் திட்டித் தீர்த்தேன். திட்டுவது ஒன்றுதான் அலுப்பில்லாமல் நடந்தது.

அண்ணியும் ரொட்டிக் கடையில் நின்றுகொண்டு இதையேதான் நினைத்திருக்கிறாள். விடியுமுன் எழுந்து, மெத்தென்ற ரொட்டியை முட்டையில் நனைத்து, அதற்குள் மாத்திரையை வைத்து ஊட்டி, புண்ணைப் பார்த்துவிட்டு, போர்வையை இழுத்து மூடிவிட்டுப் போவாளாம். அந்த மகாராணி வெயில் ஏறும்வரை தூங்குகிறாள் என்று என்னைப் பற்றி நினைத்தாளாம். பிறகு அவளே சொன்னாள்.

டீச்சர் இரண்டையும் வாலை ஆட்டிக்கொண்டு சாப்பிட்டது. இரண்டு பேரும் ஊட்டிவிடுகிறார்களே என்று அதற்குச் சந்தோஷம்.

சில நாள் இப்படிப் போனபிறகு, முதலில் அது சாப்பாட்டை முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பியது. பிறகு எழுந்து நிற்கவே சோம்பியது. ஆபரேஷன் அலுப்பு என்று விட்டேன். மறுநாள் காலையில் நான் கோழியைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது பின்னால் ஓங்கரிக்கிற சத்தம் கேட்டது. திரும்பினால் தரையில் காப்பித்தூள் கரைத்த மாதிரி வாந்தி. அதன் ஓரத்தில் சிவப்பு. மலமும் அங்கேயே போயிருந்தது, தார் மாதிரி கறுப்பாக. டீச்சர் தன் அசிங்கத்துக்கு வெட்கப்பட்டுக்கொண்டு சுவரோரம் ஒண்டிப் படுத்திருந்தது. ஈறைத் திறந்து பார்த்தேன். வெளுத்துக் கிடந்தது.

ரொட்டிக் கடையிலிருந்து அவள்தான் எதையோ கொண்டுவந்து போட்டிருக்கிறாள் என்று எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. சாக்லேட்டோ, திராட்சையோ, நாய்க்கு ஆகாத எதையோ. போனை எடுத்தேன். ஒரு வருடத்துக்கு மேலாகத் தொடாத எண். மணி அடிக்கும்போதே நன்றாகக் கேட்டுவிடவேண்டும் என்று வாயில் வார்த்தைகளை அடுக்கி வைத்திருந்தேன். அவள் எடுத்து "என்ன?" என்றதும் எல்லாம் கலைந்துபோனது.

"அண்ணி, டீச்சர் ரத்தமா வாந்தி எடுக்குது. எந்திரிக்க மாட்டேங்குது."

"தூக்கிக்கிட்டுப் போ. நான் நேரா அங்க வரேன்" என்றாள்.

நான் வண்டி பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது அவள் கிளினிக் வாசலில் நின்றிருந்தாள். டீச்சரை மேஜையில் கிடத்தினோம். டாக்டரம்மா வயிற்றை அழுத்தினார், புண்ணைப் பார்த்தார். "தையல் சுத்தமா இருக்கு. இது புண்ணால இல்ல" என்றார். பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். "வலி மாத்திரை நாளைக்கு எத்தனை குடுத்தீங்க?"

"ஒண்ணுதான்" என்றேன்.

"ஒண்ணுதான்" என்றாள் அண்ணி.

இரண்டு குரலும் ஒன்றாகவே வந்தது. டாக்டரம்மா கையுறையைக் கழற்றுவதைப் பாதியில் நிறுத்தினார்.

"யார் குடுத்தது?"

"நான்."

"நான்... காலையில, வேலைக்குப் போறதுக்கு முன்னாடி" என்றாள் அண்ணி.

"எந்த மாத்திரையை?" என்று கேட்டுக்கொண்டே பையைத் திறந்தேன். என் அட்டையை எடுத்து மேஜையில் வைத்தேன். அண்ணி பையிலிருந்து அவளுடைய அட்டையை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தாள். ஒரே மாத்திரை. இரண்டு அட்டையிலும் சமமாகக் குறைந்திருந்தது.

"ரெண்டு பேரும் ஒரே வீட்லதான இருக்கீங்க?" என்றார் டாக்டரம்மா. கோபமாகக்கூட இல்லை. அவருக்கு அது நிஜமாகவே புரியவில்லை. "ஒருத்தர் குடுத்தா இன்னொருத்தர்கிட்ட சொல்ல மாட்டீங்களா?"

எனக்கு அந்த மேஜைக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளலாம் போலிருந்தது.

வயிற்றுக்குள் புண்ணாகியிருக்கிறது, கிட்னியும் அடி வாங்கியிருக்கிறது, குளுக்கோஸ் ஏற்றி வைத்துப் பார்க்கவேண்டும், பிழைக்கும் என்றும் சொல்லமுடியாது, பிழைக்காது என்றும் சொல்லமாட்டேன் என்றார். டீச்சரின் முன்னங்காலில் ஊசி ஏற்றி உள்ளே கொண்டுபோனார்கள். அது எங்களை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. எங்களை வெளியே அனுப்பிவிட்டார்கள்.

கிளினிக் படியிலேயே வெடித்தது.

"குடுத்தேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!" என்றேன்.

"யார்கிட்ட சொல்றது? அது மயக்கத்துல கிடந்துச்சு."

"என்கிட்ட! என்கிட்ட சொல்லணும்!"

"உன்கிட்டயா? உன் மூஞ்சியப் பாத்து வருஷமாச்சு. ரூமுக்குள்ள நான் வந்தா நீ எந்திரிச்சுப் போற. நீ சொல்லியிருக்கலாம்ல? மாத்திரை வாங்கினேன்னு அந்தக் கதவுக்காவது சொல்லியிருக்கலாம்ல?"

தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இருந்தது.

"மொதல்ல சொல்லாம செஞ்சது யாரு? அவன் துணிய எனக்குத் தெரியாம அள்ளிக் குடுத்தது யாரு?"

"இப்பவும் துணிதானா?" அண்ணி படியில் உட்கார்ந்துவிட்டாள். விடியுமுன்னிருந்து நின்றவள். "அந்தச் சட்டையெல்லாம் அலமாரியில தொங்கினவரைக்கும் சாயங்காலம் ஆனா நான் அவருக்கும் சேத்துத் தட்டு வப்பேன். தெரியுமா உனக்கு? தண்ணி ஊத்தி வப்பேன். நீ வர்ற நேரம் பாத்து எடுத்துக் கழுவிக் கவுத்துருவேன். தினமும். பைத்தியம் பிடிச்சிரும்னு பயம் வந்துருச்சு. அதான் குடுத்துட்டேன். கேட்டா நீ குடுக்க விடமாட்ட."

இருந்தாலும் நான் விடவில்லை. "ஒண்ணே ஒண்ணு எனக்கு வச்சிருக்கலாம்ல?"

"வச்சிருந்தா நீ அதப் போட்டுக்கிட்டு வீட்ல நடப்ப. உனக்கு அவரு முதுகு. அப்படியே அவரு முதுகு. பின்னாலருந்து நான் எப்படிப் பாக்குறது?"

நானும் படியில் உட்கார்ந்தேன். இரண்டு பேரும் அழுதோம். யாரும் யாரையும் தேற்றவில்லை, அதற்குத் தெம்பில்லை. கட்டுப்போடுகிற பெண் கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு, உள்ளே போய் இரண்டு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து நடுவில் வைத்தாள்.

வீட்டுக்குத் திரும்பி வாந்தியைத் துடைத்தோம். நான் தண்ணீர் ஊற்றினேன், அவள் தேய்த்தாள். அதன்பிறகு செய்ய ஒன்றுமில்லை. டீச்சரின் போர்வை காலியாகக் கிடந்தது. "சாப்பிடுறியா?" என்று அண்ணி கேட்டபோது, யாரைக் கேட்கிறாள் என்று ஒரு நொடி விளங்காமல் திரும்பிப் பார்த்தேன். "உன்னத்தான்" என்றாள். "பசிக்கல அண்ணி" என்றேன். அப்புறம் இரண்டு பேரும் சாப்பிட்டோம்.

டீச்சர் பிழைத்துக்கொண்டது. உடனே இல்லை. வாந்தி நிற்கவில்லை, கிட்னி கணக்கு இறங்கவில்லை என்று டாக்டரம்மா போனில் சொல்லும்போதெல்லாம் எடுத்தவள் முகத்தையே இன்னொருத்தி பார்த்துக்கொண்டு நிற்பாள். போனை வைத்ததும் சொல்லியாகவேண்டும், நேருக்கு நேர், முழுசாக. சொல்லிச் சொல்லி நாக்குக்குப் பழக்கமானது. கடைசியில் ஒரு நாள், கொஞ்சம் கஞ்சித் தண்ணீர் குடித்தது, நிற்கிறது, கட்டுப்போடுகிற பெண்ணின் செருப்பைக் கடித்துவிட்டது என்றார்கள். அண்ணி அதை என்னிடம் சொல்லும்போது "செருப்ப" என்பதற்கு மேல் பேச வரவில்லை அவளுக்கு.

எலும்பும் தோலுமாக வீட்டுக்கு வந்தது. வயிற்றுப் புண் ஆற, சில வாரத்துக்கு இன்னொரு மாத்திரை. விடிகாலையில், வெறும் வயிற்றில், ஒன்று. டாக்டரம்மா அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு எங்களை மாறி மாறிப் பார்த்தார். "யாராவது ஒருத்தர்" என்றார். நேரம் அண்ணியின் நேரம். அண்ணி வாங்கிக்கொண்டாள்.

அன்றிலிருந்து என் தூக்கம் போனது. தினமும் விடியுமுன் அண்ணி வந்து என் கட்டில் பக்கத்தில் நின்று தோளை உலுக்குவாள்.

"ஏய். குடுத்துட்டேன். நீ குடுக்காத."

"சரி அண்ணி."

"என்ன சரி?"

"நீங்க குடுத்துட்டீங்க, நான் குடுக்கக்கூடாது."

அதன்பிறகுதான் போவாள். அட்டை அவளிடம்தான் இருக்கிறது, நான் எதைக் கொடுக்கப்போகிறேன்? சொல்லிப் பார்த்தேன். "அதெல்லாம் எனக்குத் தெரியாது" என்றாள். நாள் முழுக்க நின்று இஸ்திரி போடுகிறவளை விடியுமுன் எழுப்பினால் எப்படி இருக்கும்? மறுபடி தூக்கம் வராது. கண்ணைத் திறந்துகொண்டு, படி இறங்கும் அவள் காலடியைக் கேட்டுக்கொண்டு கிடப்பேன். மனசாரத் திட்டுவேன். ஆனால் அவள் வந்து சொல்லாமல் போய்விடுவாளோ என்று அதற்கும் முன்னாலேயே விழித்துக் காத்திருந்த நாளும் உண்டு.

ஒரு நாள் வந்தாள். உலுக்கவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். மங்கல் வெளிச்சத்தில் முகம் சாம்பல் பூத்திருந்தது.

"என்ன அண்ணி?"

"ஒண்ணுமில்ல. முடியல. அவ்வளவுதான்."

எத்தனை நாள் தூக்கம் பாக்கியோ அவளுக்கு. அண்ணன் போனதிலிருந்தே சரியாகத் தூங்கியிருக்க மாட்டாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. பக்கத்து அறையில் இத்தனை நாள் இருந்தும் கேட்கத் தோன்றவில்லை.

"இன்னிக்கு லீவு போடுங்க. நான் கடைக்குப் போன் பண்ணிச் சொல்லிடுறேன். இங்கயே படுங்க."

"மாத்திரை இன்னும் குடுக்கல."

"நான் குடுக்குறேன்."

அவள் என்னைப் பார்த்தாள். நான் கையை நீட்டினேன். கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் அட்டையைக் கொடுத்தாள். என் போர்வையை இழுத்துக்கொண்டு, என் தலையணையில், சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். நான் கதவைச் சாத்துவதற்குள் குறட்டை வந்துவிட்டது.

டீச்சருக்கு ஒன்று கொடுத்தேன். விழுங்கும்வரை வாயைப் பிடித்துக்கொண்டிருந்தேன். சலவை நிலையத்துக்கும் போகவில்லை. வெயில் சன்னலில் ஏறி, தரைக்கு இறங்கி, நகர்ந்துபோனது. மத்தியானத்துக்கு மேல்தான் அண்ணி எழுந்தாள். கன்னத்தில் தலையணை மடிப்பு பதிந்திருக்க, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எங்கே இருக்கிறோம் என்று புரியவே அவளுக்குக் கொஞ்ச நேரமானது.

"குடுத்தியா?" என்றாள்.

"குடுத்தேன் அண்ணி."

"ஒண்ணுதான?"

"ஒண்ணுதான்."

அவள் வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.